எண்ணெய்ப் பணத்தில் ஊருக்கு என்ன பங்கு?

(லாலாகுடாவில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெட்ரோல் விலை ஏறினால் நாம் எல்லோரும் பேசுகிறோம். அந்த எண்ணெயை மண்ணிலிருந்து எடுக்கும்போது வருகிற பணம் யாருக்குப் போகிறது என்று பேசுவது அபூர்வம். இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமா? அல்லவே அல்ல. நம்மில் பலருக்குச் சொந்த ஊர் காவிரிப் படுகை. நாகை மாவட்டத்து நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். இங்கிருந்து கிழக்கே போனால் கோதாவரிப் படுகையிலும் வயல்களுக்கு நடுவே கிணறுகள். ஊருக்குப் பணம் அனுப்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் நாம். ஊரின் மண்ணிலிருந்து போகும் செல்வத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் கட்டப்படும் ராயல்டி மாநில அரசுக்குச் சேருகிறது. ஆனால் அது எத்தனை சதவீதம் என்று 1948-ம் ஆண்டுச் சட்டப்படி நிர்ணயிப்பது மத்திய அரசு. கடலில் எடுத்தால் ராயல்டி மத்திய அரசுக்கே. அரசியல் சட்டத்தின் 297-வது பிரிவு கடலடிச் செல்வத்தை அதனிடம் ஒப்படைத்திருக்கிறது. காக்கிநாடாவுக்கு எதிரே ஆழ்கடலில் 2009-ல் எரிவாயு எடுக்கத் தொடங்கியபோது, ‘எங்கள் பங்கு எங்கே?’ என்று அன்றைய ஆந்திராவில் குரல் எழுந்தது இதனால்தான். இதற்கு மேல், உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மீது 1974-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு செஸ் உண்டு. செஸ் என்றால், மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லாத வரி என்று பொருள்.

மற்ற நாடுகளில் எப்படி? நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் ஐக்கிய அரபு நாடுகளில் எண்ணெய் அந்தந்த அமீரகத்தின் சொத்து. அபுதாபி எண்ணெய் அபுதாபிக்கே. கனடாவில் 1930 முதல் ஆல்பர்ட்டா மாகாணம் தன் நிலத்தடிச் செல்வத்துக்குத் தானே உரிமையாளர். மலேசியாவில் 1974 ஏற்பாட்டின்படி சபாவுக்கும் சரவாக்குக்கும் 5 சதவீதம். இந்தோனேசியாவின் ஆச்சேயில் நீண்ட யுத்தத்துக்குப் பிறகு 2005-ல் சமாதானம் ஆனபோது, எண்ணெய் எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் ஆச்சேக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆக, பங்கு என்பது இயற்கை விதித்ததல்ல. பேசியோ, போராடியோ, ரத்தம் சிந்தியோ எழுதப்படுவது.

நம் நாட்டில் அசாமைப் பாருங்கள். திக்பாயில் 1901-லேயே சுத்திகரிப்பு ஆலை வந்தது. பிற்காலத்தில் அசாமின் கச்சா எண்ணெய் குழாய் வழியாகப் பீகாரின் பரௌனிக்குப் போனது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எதிராக 1979-ல் மூண்ட கிளர்ச்சியில், 1980-ல் எண்ணெய் போவதையே மறித்தார்கள். 1985 ஒப்பந்தத்தில் கிடைத்த வாக்குறுதிதான் நுமாலிகர் ஆலை. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பங்கு நியாயமாக இல்லாத இடத்தில் கோபம் டெல்லி வரை போவதில்லை. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் வெளியூர்க்காரன் தலையில்தான் விடிகிறது. வெளியூர்க்காரர்களாகிய நாம்தான் நியாயமான பங்கீட்டை மற்றவர்களை விட அதிகமாக விரும்ப வேண்டும்.

ஆனால் மாநிலத்துக்குப் பங்கு வந்துவிட்டால் போதுமா? குட்ஸ் ஆபீசில் ரசீது போடும்போது சேரும் ஸ்டேஷன் பெயர் எழுதாமல் ஒரு மூட்டையும் நகராது. ராயல்டிப் பணத்துக்கு எழுதப்படும் சேரும் ஸ்டேஷன் மாநிலத் தலைநகர். கிணறு இருக்கும் கிராமத்தின் பெயர் ரசீதில் இல்லை.

நைஜீரியாவில் 1999 அரசியல் சட்டம் எண்ணெய் கிடைக்கும் மாநிலங்களுக்கு 13 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்கியது. அப்படியும் நைஜர் முகத்துவாரத்தின் ஓடைகள் எண்ணெய் படிந்தே கிடந்தன. கடைசியில் 2021-ல் தனிச் சட்டம் செய்து, கம்பெனிகள் தங்கள் வருடாந்திர நடப்புச் செலவில் 3 சதவீதத்தை அந்தந்த ஊர் மக்களின் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மாநிலப் பங்கு வேறு, ஊர்ப் பங்கு வேறு என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இங்கே ஆபத்து யாருக்கு? 1995 ஜனவரியில் பாசர்லபூடி கிணறு தீப்பற்றி இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. 2014 ஜூன் 27 அன்று நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டும் கோனசீமாவில். குழாய் போகும் நிலத்துக்கு 1962-ம் ஆண்டுச் சட்டப்படி, சேத நஷ்டஈடு போக, உரிமையாளருக்குக் கிடைப்பது நிலமதிப்பில் 10 சதவீதம். அந்த நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த கூலிக்காரிக்கு அந்தப் பத்தில் ஒரு பைசாவும் இல்லை.

பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. சிங்கரேணி நிலக்கரி நாம் அறிந்தது. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்க மாவட்டங்களில் கனிம அறக்கட்டளை வைத்தார்கள். ராயல்டிக்கு மேல், பழைய குத்தகைக்கு ராயல்டியில் 30 சதவீதமும் புதியதற்கு 10 சதவீதமும் அந்த மாவட்டத்துக்கே கட்ட வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் எண்ணெயையும் எரிவாயுவையும் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. கரிக்கு உள்ள நியாயம் எண்ணெய்க்கு ஏன் இல்லை?

சிலர் கேட்பார்கள்: எண்ணெய் தேசத்தின் சொத்தல்லவா, கிணறு இல்லாத தெலங்கானா என்ன செய்யும்? நியாயமான கேள்வி. எல்லாம் கிணற்றடிக்கே வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. லாபம் எல்லோருக்கும் பொதுவாகட்டும். ஆனால் நஷ்டம் ஓர் ஊருக்கு மட்டும் என்றால், அந்த நஷ்டத்துக்கான பணம் முதலில் எடுத்துவைக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் புதிய கிணறுகளைத் தடுத்தது. ஏற்கெனவே உள்ளவற்றை விட்டுவைத்தது. எனவே கேள்வி தீரவில்லை. நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, எண்ணெய் மாவட்டங்களுக்கும் சட்டப்படி அறக்கட்டளை. இரண்டு, அதன் கணக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும். கலெக்டர் ஆபீசோடு முடங்கக் கூடாது. மூன்று, நிலமில்லாத கூலிக் குடும்பமும், பிழைப்புக்கு வந்து குடியேறிய குடும்பமும் பயனாளிகளாக எழுதப்பட வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்கள் பஞ்சாயத்தில் கிணறோ குழாயோ இருந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ராயல்டியில் இந்த ஊருக்கு எவ்வளவு வந்தது?’ கிராம சபையில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சங்கத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சேர்ந்து செய்வோம்.