லைன் ஏன் நின்றது?

(தண்டலத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் நான் சொன்ன ஒரு தவறான பதிலைப் பற்றிப் பேசவே இந்தச் சில நிமிடங்களைக் கேட்டு வாங்கினேன்.

எங்கள் பள்ளி அலுவலக அறையில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. முகப்பில் 'பென்டியம் 4' என்ற வில்லை ஒட்டியிருக்கும். இருப்புப் பதிவேட்டில் இருப்பதால் தூக்கிப் போடவும் முடியாது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதன் விவரத்தையும் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியின் விவரத்தையும் குறித்துக்கொண்டு வந்தாள். பழையது 3.0 கிகாஹெர்ட்ஸ், புதியது 2.4.

"மிஸ், கிகாஹெர்ட்ஸ் கூடினா வேகம் கூடும்னு நீங்கதான் போர்டுல எழுதினீங்க. அப்ப ஆபீஸ் கம்ப்யூட்டர்தானே வேகமா இருக்கணும்?"

"அது பழசும்மா, அதான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை பேருந்தில் வரும்போது அந்தத் தலையாட்டல் உறுத்தியது. மின்சுற்றுக்கு வயதானால் மூட்டு வலி வருவதில்லை. 3.0 கிகாஹெர்ட்ஸ் என்றால் இன்றைக்கும் நொடிக்கு 300 கோடித் துடிப்புகள்தாம். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, கேள்வியை மூடிவிட்டேன். அதன் பிறகு படித்தேன். படித்ததை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, உதாரணம் பள்ளி வாசலிலேயே இருந்தது.

நம் பிள்ளைகளின் வீடுகளில் ஒருவராவது ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ சுங்குவார்சத்திரத்திலோ ஷிப்டுக்குப் போகிறார்கள். 'லைன்', 'டார்கெட்' என்ற சொற்கள் பாடப்புத்தகத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். கணினிச் செயலிக்குள் இருப்பதும் ஒரு லைன்தான். கட்டளையை எடுப்பது, அதன் பொருளை அறிவது, கணக்கைச் செய்வது, விடையை எழுதுவது என்று வேலை பல நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் கட்டளை ஒரு நிலை நகர்கிறது.

இதை வகுப்பில் செய்து பார்த்தோம். தேவையானவை துண்டுக் காகிதம், பசை, கைக்கடிகாரம். காகிதத்தை மடிக்க வேண்டும். அதில் ஒரு பெருக்கல் கணக்கை எழுத வேண்டும். விடை காண வேண்டும். நோட்டில் ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாணவர் எல்லாவற்றையும் செய்தால் 10 காகிதங்களுக்கு 400 விநாடிகள். நான்கு பேரை வரிசையாக உட்கார வைத்தால் முதல் காகிதம் 40 விநாடியில் வரும். அதன் பிறகு 10 விநாடிக்கு ஒன்று வரும். மொத்தம் 130 விநாடிகள். யாருடைய கையும் வேகமாகிவிடவில்லை. யாரும் சும்மா இல்லை, அவ்வளவுதான்.

கணக்கு எழுதும் இடத்தில் நான் உட்கார வைத்த மாணவன் நிதானமாக எழுதுபவன். அவனுக்கு 20 விநாடி ஆனது. உடனே லைன் முழுவதும் 20 விநாடிக்கு ஒன்று என்று இறங்கிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "மிஸ், அவனத் தூக்குங்க. லைன் நிக்குது."

எனக்குத் திக்கென்றது. அதைச் சொன்ன பிள்ளையைக் கோபிக்கவும் முடியவில்லை; வீட்டில் கேட்ட சொல்லாக இருக்கலாம். "அவனத் தூக்காம லைனை ஓட வைக்க என்ன வழி?" என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு, முன்பு என்னைக் கேள்வி கேட்ட அதே மாணவி எழுந்தாள்: "அந்த வேலையை ரெண்டா பிரிக்கலாம் மிஸ். கணக்கோட முதல் எண்ணை அவன் எழுதட்டும், அடுத்த எண்ணை இன்னொருத்தர் எழுதட்டும்." பிரித்தோம். மீண்டும் 10 விநாடிக்கு ஒன்று வந்தது. செயலி வடிவமைப்பாளர்கள் செய்வதும் இதுதான். எந்த நிலை தாமதமாகிறதோ அதைப் பிரித்து எல்லா நிலைகளையும் சமப்படுத்துவார்கள்.

"அப்படியானால் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போனால் என்ன?" என்று கேட்டேன். எட்டுப் பேரை உட்கார வைத்து, ஆளுக்கு 5 விநாடி வேலை கொடுத்தோம். வேகம் இரண்டு மடங்காகும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஆகவில்லை. ஒரு காகிதத்தை அடுத்தவர் கையில் கொடுக்க ஆகும் நேரம் குறையவே இல்லை.

இன்னொரு சிக்கலையும் நானே புகுத்தினேன். ஒரு காகிதத்தின் விடை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து, அடுத்த காகிதங்கள் சிவப்பா நீலமா என்று முடிவாகும். விடை தெரிவதோ வரிசையின் கடைசியில். அதுவரை காத்திருந்தால் வரிசை காலியாக நிற்கும். ஆகவே ஊகித்து உள்ளே அனுப்ப வேண்டும். ஊகம் தவறினால் வரிசையில் இருப்பதையெல்லாம் குப்பையில் போட வேண்டும். நான்கு பேர் வரிசையில் மூன்று காகிதங்கள் வீணாயின. எட்டுப் பேர் வரிசையில் ஏழு. வீணான ஒவ்வொரு காகிதமும் வீணான உழைப்பு. செயலிக்குள் அது வீணான மின்சாரம். அதுவும் வெப்பமாகவே வெளியே வருகிறது.

இப்போது எங்கள் அலுவலகக் கணினிக்கு வருகிறேன். 2000 நவம்பரில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் 4 செயலியின் வரிசையில் 20 நிலைகள் இருந்தன. 2004இல் வந்த அதன் பிற்கால வடிவத்தில் 31 நிலைகள். நிலைகளைச் சிறிதாக்கியதால் துடிப்பை உயர்த்த முடிந்தது, 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனார்கள். ஊகம் தவறும்போது இழப்பும் அதற்கேற்ப வளர்ந்தது. வெப்பம் 100 வாட்டைத் தாண்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் செயலியை வெளியிடும் திட்டத்தை 2004இல் கைவிட்டார்கள். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ செயலியில் நிலைகள் 14 மட்டுமே. துடிப்பும் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே. ஆனால் ஒரே துடிப்பில் நான்கு கட்டளைகள் வரை கையாளும். பெரும்பாலான மாதிரிகளின் வெப்ப வரம்பு 65 வாட். பழையதைவிட வேகமாகவும் ஓடியது.

கரும்பலகையில் நான் எழுதியிருக்க வேண்டிய வாய்பாடு இதுதான்: ஒரு வேலைக்கு ஆகும் நேரம் = கட்டளைகளின் எண்ணிக்கை × ஒரு கட்டளைக்கு ஆகும் துடிப்புகள் × ஒரு துடிப்பின் நேரம். கிகாஹெர்ட்ஸ் கடைசிக் காரணியை மட்டுமே சொல்கிறது. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: 3.0 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு ஒரு கட்டளைக்குச் சராசரியாக 1.5 துடிப்புகள் ஆனால், நொடிக்கு 200 கோடிக் கட்டளைகள் முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு 0.6 துடிப்பு போதும் என்றால் 400 கோடி முடியும். பெருக்கல், வகுத்தல் தெரிந்த பிள்ளைக்கு இது புரியும்.

துடிப்பை உயர்த்துவதற்கு இன்னொரு விலையும் உண்டு. சுற்று இயங்கும்போது செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். துடிப்பைக் கூட்ட வேண்டுமானால் பொதுவாக மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இதையே திருப்பிப் பாருங்கள். இரண்டையும் 20 விழுக்காடு குறைத்தால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. கசிவு மின்சாரத்தைச் சேர்க்காமல் பார்த்தால், 80 விழுக்காடு வேகம் ஏறத்தாழ பாதித் திறனிலேயே கிடைக்கிறது. மீதிப் பாதியில் இன்னொரு கோரை ஓட்டலாம். இரண்டும் சேர்ந்து 1.6 மடங்கு வேலை செய்யும். ஒரே சிப்பில் பல கோர்கள் வந்ததற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் எல்லா வேலையையும் பங்கு போட முடியாது. விடைத்தாள்களை இரண்டு ஆசிரியர்கள் பிரித்துத் திருத்தலாம். ஒரே மதிப்பெண் பதிவேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத முடியாது. பத்து நிமிட வேலையில் ஐந்து நிமிடம் பிரிக்க முடியாதது என்றால், எத்தனை கோர்கள் இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகாது.

இன்னொரு காரணம் காத்திருப்பு. லைனில் நிற்பவருக்குத் திருகாணி கைக்கெட்டும் தட்டில் இருந்தால் வேலை ஓடும். கிடங்கிலிருந்து வர வேண்டுமென்றால் கை சும்மா நிற்கும். செயலிக்கு அருகிலுள்ள கேச் நினைவகம் அந்தத் தட்டு. முதன்மை நினைவகம் அந்தக் கிடங்கு. தட்டிலிருந்து எடுக்க நான்கைந்து துடிப்புகள் ஆகும். கிடங்கிலிருந்து வர நூறு, இருநூறு துடிப்புகள்கூட ஆகலாம். கேச்சைப் பெரிதாக்கினால் காத்திருப்பு குறையும். ஆனால் சிப்பில் இடம் போகும், விலை கூடும்.

இவ்வளவும் நடந்த பிறகு அதே மாணவி இன்னொரு கேள்வி கேட்டாள். அவளுடைய அக்கா இந்தப் பகுதியில் ஒரு கைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். "மிஸ், போனை இங்க பொருத்துறாங்க. உள்ள இருக்கிற சிப்பை யார் யோசிக்கிறாங்க?"

இந்த முறை படித்துவிட்டே பதில் சொன்னேன். 2023இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் பொருத்தப்பட்ட ஐபோன் 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏ16 சிப்பை வடிவமைத்தது அமெரிக்காவின் ஆப்பிள். அதற்கான கட்டளைத் தொகுதி இங்கிலாந்தின் ஆர்ம் நிறுவனத்துடையது. சிப்பைத் தயாரித்தது தைவானின் டிஎஸ்எம்சி. அதில் ஏறத்தாழ 1600 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஆறு கோர்களில் இரண்டு வேகத்துக்கு, நான்கு சிக்கனத்துக்கு. பாட்டு மட்டும் ஓடும்போது சிறிய கோர் போதும். அதனால்தான் பேட்டரி மாலை வரை தாங்குகிறது.

"அப்ப நம்ம ஊர்ல யாரும் யோசிக்கலையா?" என்றாள். யோசிக்கிறார்கள். இங்கிருந்து பேருந்தில் போய் வரும் தூரத்தில், சென்னை ஐஐடியில், பேராசிரியர் காமகோடி தலைமையில் 'சக்தி' செயலிகள் உருவாயின. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியே அவற்றுக்கு அடிப்படை. அதை உரிமத் தொகை இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். சக்தியில் பல வகைகள் உண்டு. சிறு கருவிகளுக்கான 'இ' வகையில் வரிசை மூன்றே நிலைகள். நடுத்தர வேலைக்கான 'சி' வகையில் ஐந்து.

2018இல் இந்தக் குழுவின் ரைஸ்க்ரீக் சிப் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. வேகம் சுமார் 350 மெகாஹெர்ட்ஸ். அதே ஆண்டு ரிமோ சிப் சண்டிகரை அடுத்த மொகாலியில், நம் நாட்டு ஆலையிலேயே, 180 நானோமீட்டரில் தயாரானது. வேகம் சுமார் 70 மெகாஹெர்ட்ஸ். பிள்ளைகள் "அவ்வளவுதானா?" என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2025இல் சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் சேர்ந்து அறிவித்த விண்வெளிப் பயன்பாட்டுக்கான 'ஐரிஸ்' சிப்பும் சக்தியின் வழியில் வந்தது. தயாரானதும் அதே மொகாலி ஆலையில்தான். விண்வெளிக் கலத்துக்குள் விளையாட்டுப் படம் ஓட வேண்டியதில்லை. கதிர்வீச்சால் நினைவகத்தில் பிழை நேர்ந்தாலும் தாங்கி நின்று கணக்கைச் சரியாகச் செய்ய வேண்டும். எந்த வேலைக்கு என்று கேட்காமல் ஒரு செயலியை வேகமானது, மெதுவானது என்று சொல்வதற்குப் பொருளில்லை.

கரும்பலகையில் நான் முன்பு எழுதிய வாக்கியத்தை அவள் எதிரிலேயே அழித்து, வாய்பாட்டை எழுதினேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றும் சொன்னேன். வகுப்பு ஒரு கணம் என்னைப் பார்த்தது. பிறகு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியது.

மறுநாள் அவள் வந்து, வீட்டில் நடந்ததைச் சொன்னாள். காகித லைனைப் பற்றி அக்காவிடம் சொன்னாளாம். அக்கா சிரித்துவிட்டு, "எங்க லைன்லயும் ஒரு இடத்துல வேலை தேங்குச்சுன்னா அங்க ரெண்டு பேரைப் போடுவாங்க" என்றாளாம். பிறகு, "அந்த சிப்பு வேலைக்கு என்ன படிக்கணும்னு உங்க மிஸ்கிட்ட கேட்டுட்டு வா" என்றாளாம். கேட்டது தனக்காகவா, தங்கைக்காகவா என்று எனக்குத் தெரியாது. இருவருக்குமாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

நிதானமாக எழுதும் அந்த மாணவன் இப்போது என் வகுப்பில் கரும்பலகைக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறான். அவன் கண்ணில் தப்பிய பிழையை இதுவரை நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் உங்கள் வகுப்பிலும் துண்டுக் காகிதத்தை எடுங்கள். லைன் எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.