காளான் அமர்வுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட தலைப்பு சிலருக்கு வியப்பாக இருக்கலாம், சிலருக்குக் கோபம்கூட வரலாம். "போதைப்பொருளைப் பற்றி இந்த மேடையில் பேசலாமா?" என்று கேட்பீர்கள். பேசத்தான் வேண்டும். நாம் பேசாவிட்டாலும் நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசி பேசிக்கொண்டுதான் இருக்கிறது. "ஒரே நாளில் மனச்சோர்வு போய்விட்டது", "பத்து வருடச் சிகிச்சை தராததை ஒரு காளான் தந்தது" என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். அவற்றைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் இத்தகைய அமர்வுக்குப் போக விரும்புகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வேடிக்கைக்காகப் போக நினைப்பவர்கள் அல்லர். பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டும் தூக்கம் வராதவர்கள், துயரம் தீராதவர்கள் அவர்கள். அவர்களைத் திட்டி வாயடைப்பதால் யாருக்கும் பயனில்லை.

நான் மருத்துவர் இல்லை. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டுக் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தொலைக்காட்சிப் படைப்பாளர். ஆகவே பதில் சொல்ல வரவில்லை. அமர்வுக்கு முன் என்னென்ன கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில், இது என்ன?

சைலோசைபின் என்பது சில வகைக் காளான்களில் இயற்கையாக இருக்கும் ஒரு வேதிப்பொருள். உடலுக்குள் சென்றதும் அது சைலோசின் என்ற பொருளாக மாறி, மூளையின் செரோட்டோனின் ஏற்பிகளில் வேலை செய்கிறது. பார்ப்பது, கேட்பது, காலத்தை உணர்வது, 'நான்' என்ற எண்ணம், எல்லாமே சில மணி நேரத்துக்கு மாறிப்போகும்.

மெக்சிகோவின் ஒஹாகா மலைப்பகுதியில் வாழும் மசாட்டெக் மக்கள் இந்தக் காளானை நோய் தீர்க்கும் சடங்குகளில் பயன்படுத்தி வந்தார்கள். 1957ல் அமெரிக்க வங்கியாளர் கோர்டன் வாசன் 'லைஃப்' இதழில் அதைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். வாசனுக்குச் சடங்கு நடத்திய மரியா சபினா என்ற மூதாட்டிக்கு என்ன கிடைத்தது தெரியுமா? வெளிநாட்டினர் கூட்டம் கூட்டமாக அவர் ஊருக்கு வந்தனர், ஊரார் அவரைக் குறை கூறினர், அவருடைய வீடும் எரிக்கப்பட்டது. ஒரு சமூகம் பயபக்தியோடு செய்ததை இன்னொரு சமூகம் அவசரத்தில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மூதாட்டியின் வாழ்க்கையே பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் நமக்கு முதல் கேள்வி. சிங்கப்பூரில் சைலோசைபினும் சைலோசினும் 'ஏ' பிரிவுப் போதைப்பொருள்கள். உட்கொண்டால் பத்தாண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "நான் வெளிநாட்டில்தானே சாப்பிடப் போகிறேன், அங்கே சட்டம் அனுமதிக்கிறதே" என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும், இங்கே உட்கொண்டதாகவே சட்டம் கருதும். அங்குள்ள உரிமம் இங்கே கேடயம் ஆகாது. மலேசியாவிலும் அது தடைசெய்யப்பட்ட பொருளே. இந்த ஒரு கேள்வியிலேயே நம்மில் பெரும்பாலோருக்கு விடை கிடைத்துவிடும்.

அப்படியானால் மற்ற கேள்விகள் எதற்கு? நம் உறவினர்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியுரிமை பெற்று வாழ்கிறார்கள். நாளை அவர்கள் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, எனக்கு இப்படியொரு சிகிச்சை சொல்கிறார்கள், போகட்டுமா?" என்று கேட்டால், "ஐயோ, வேண்டாம்" என்பதைத் தவிர நமக்கு வேறு ஏதாவது சொல்லத் தெரிய வேண்டாமா?

எங்கே, எப்படி நடக்கிறது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 56 விழுக்காட்டினர் இதற்கு ஆதரவாக வாக்களித்தனர். 2023ல் உரிமம் பெற்ற நிலையங்கள் திறக்கப்பட்டன. 21 வயது நிரம்பியவர்கள் மட்டுமே போகலாம். மருத்துவரின் சீட்டு தேவையில்லை. முதலில் ஆயத்தச் சந்திப்பு, பிறகு காளான் உட்கொள்ளும் அமர்வு, அதன்பின் விரும்பினால் அனுபவத்தை அசைபோடும் சந்திப்பு என்று மூன்று கட்டங்கள். நிலையத்திலேயே உட்கொள்ள வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஓர் அமர்வில் 50 மில்லிகிராம் சைலோசைபினுக்கு மேல் கொடுக்கக்கூடாது.

கொலராடோ மாநில மக்கள் 2022ல் இதே போன்ற திட்டத்துக்கு வாக்களித்தனர். ஆஸ்திரேலியாவின் வழி வேறு. அங்கே 2023 ஜூலை முதல் தேதியிலிருந்து, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மற்றச் சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இதை எழுதிக்கொடுக்கலாம்.

இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் எழுதிக்கொடுப்பவர் மருத்துவர். ஓரிகனில் பக்கத்தில் உட்காருபவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி முடித்து உரிமம் பெற்ற 'வழிகாட்டி' அவர். வழிகாட்டி என்று பெயரே தவிர, நோயைக் கண்டறிவதும் மருந்து சொல்வதும் அவர் வேலை அல்ல. பாதுகாப்பாக உடன் இருப்பதே அவர் வேலை. "நான் போவது சிகிச்சைக்கா, அனுபவத்துக்கா?" என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓர் அமர்வுக்கு ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் செலவாவது சாதாரணம்.

உண்மையில் குணமாகிறதா?

தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள் என்பது எங்கள் துறையில் சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். 2022ல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' ஓர் ஆய்வு வெளிவந்தது. மற்றச் சிகிச்சைகளில் பலன் காணாத 233 மனச்சோர்வு நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கு மூன்றாம் வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பெயருக்கு 1 மில்லிகிராம் மட்டும் பெற்றவர்களில் அது 18 விழுக்காடு. ஆக, பலன் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வாரம் வரை அந்த முன்னேற்றம் நிலைத்தது 25 மில்லிகிராம் பெற்றவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்குத்தான். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் இருந்தன. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ எல்லா அளவுப் பிரிவுகளிலும் சிலரிடம் காணப்பட்டது.

பத்தில் எட்டுப் பேருக்குப் பலன் நிலைக்கவில்லை என்பதைக் காணொளியில் யாரும் சொல்வதில்லை. "கடைசி நம்பிக்கை இதுதான்" என்று போனவர், அந்த எட்டுப் பேரில் ஒருவராகத் திரும்பி வந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? இதை முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து பேச வேண்டியது குடும்பத்தின் கடமை.

நம் குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது?

நேயர்களே, நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவை இருந்தால், பெரும்பாலான ஆய்வுகள் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. உறங்கிக்கிடக்கும் நோயை இந்தப் பொருள் தட்டி எழுப்பிவிடலாம் என்ற அச்சமே காரணம்.

ஆனால் நம் வீடுகளில் அந்த நோய்க்கு அந்தப் பெயரா இருந்தது? "சித்தப்பாவுக்குக் காற்றுக் கருப்பு", "அத்தைக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்", "பாட்டி கொஞ்ச நாள் உட்பிரிட்ஜில் இருந்தார், அதைப்பற்றிப் பேசாதே" என்றுதானே மூடி வைத்தோம்? பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்தோம். மறைத்தது நம் பிள்ளைகளுக்கும் தெரியாமல் போயிற்று. வெளிநாட்டு நிலையத்தில் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து, "குடும்பத்தில் மனநோய் உண்டா?" என்று கேட்டால், நம் பிள்ளை நல்லெண்ணத்தோடு "இல்லை" என்று எழுதிவிடும். அந்த ஒரு சொல்லில் அதன் புத்தியே பணயமாகிறது. காளான் ஒருபுறம் இருக்கட்டும், எந்த மனநலச் சிகிச்சைக்கும் இந்த உண்மை தேவை. பெரியவர்களே, தயவுசெய்து இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

என்ன மருந்து சாப்பிடுகிறேன்?

லித்தியம் சாப்பிடுபவர்கள் இதை உட்கொண்டால் வலிப்பு வரக்கூடும். முப்பது நாளுக்குள் லித்தியம் எடுத்தவர்களுக்கு ஓரிகன் நிலையங்களில் அனுமதி இல்லை. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது நேரம் உயரும் என்பதால் இதயநோய் உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் சில, காளானின் வேகத்தைக் குறைப்பதுண்டு. இதைக் கேள்விப்பட்டு, மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காளானைவிட அதுவே பெரிய ஆபத்தாக முடியலாம். ஆய்வுகளில் மருந்தை நிறுத்தும்போது மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் நிறுத்துகிறார்கள்.

பக்கத்தில் உட்காருபவர் யார்?

உட்கொண்ட அரை மணி நேரத்தில் தொடங்கி நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை அதன் தாக்கம் இருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் குழந்தையைப் போல ஆகிவிடுவார். "வேண்டாம்" என்று சொல்லும் வலிமைகூட இல்லாமல் போகலாம். 2015ல் கனடாவில் எம்டிஎம்ஏ என்ற வேறொரு மருந்தைக் கொண்டு நடந்த ஆய்வில், சிகிச்சையாளர்களே ஒரு பெண் நோயாளியின் மேல் படுத்து அணைத்துக்கொண்டதைக் காட்டும் காணொளி பிற்பாடு வெளிவந்து அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அதனால் உரிமம் உண்டா, அறையில் எத்தனை பேர் இருப்பார்கள், தொடுவதற்கு என்ன விதி, அவசரம் என்றால் எந்த மருத்துவமனை, எல்லாவற்றையும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். ஓரிகனில் கையையோ தோளையோ தொடுவதற்குக்கூட முன்கூட்டியே எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் வழிகாட்டியிடம் உங்கள் மனத்தை ஒப்படைக்காதீர்கள்.

தனியாகவோ நண்பர்களோடோ சாப்பிட்டுப் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல். காளான் சாப்பிட்டுக் கடினமான அனுபவம் கண்ட 1,993 பேரிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கேட்டு 2016ல் வெளியிட்டார்கள். வாழ்க்கையிலேயே மிகக் கடினமான ஐந்து அனுபவங்களில் அதுவும் ஒன்று என்றவர்கள் 39 விழுக்காட்டினர். தம்மையோ பிறரையோ உடல் ஆபத்துக்கு உள்ளாக்கியதாகச் சொன்னவர்கள் 11 விழுக்காட்டினர். அதே ஆய்வில் 84 விழுக்காட்டினர், "கடைசியில் அதனால் பயனும் கிடைத்தது" என்றார்கள். அதையும் நான் மறைக்கக்கூடாது. ஆனால் 2007ல் ஆம்ஸ்டர்டாமில் காளான் சாப்பிட்ட 17 வயது பிரெஞ்சு மாணவி உயரத்திலிருந்து குதித்து உயிரிழந்தார். 2008 டிசம்பரில் நெதர்லாந்து அந்தக் காளான்களைத் தடை செய்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் கருத்துக் கேட்க முடியாது.

மறுநாள் யார் இருப்பார்கள்?

அன்று வாகனம் ஓட்டக்கூடாது. அடுத்த சில நாள்களில் வேலையை விடுவது, திருமணத்தை முறிப்பது போன்ற பெரிய முடிவுகள் எடுக்கக்கூடாது. பழைய காயங்கள் மேலே வந்து நிற்கும்போது, அவற்றைப் பேசித் தீர்க்க ஒரு மனநல ஆலோசகரும், சமைத்துப் போட்டு அமைதியாகப் பக்கத்தில் இருக்க ஓர் உறவும் வேண்டும். ஆறு மணி நேரத்துக்குத் திட்டமிட்டுவிட்டு அதற்கடுத்த ஆறு மாதத்துக்குத் திட்டமிடாமல் போவது, கப்பலேறிவிட்டுத் துறைமுகம் எங்கே என்று தேடுவதைப் போன்றது.

நேயர்களே, இந்தக் கேள்விகளைத் திரும்பிப் பாருங்கள். சட்டம், நோக்கம், பலன், குடும்ப வரலாறு, மருந்து, உடன் இருப்பவர், மறுநாள். இவற்றில் ஒன்றுகூடக் காளானைப் பற்றிய கேள்வி அல்ல. எல்லாமே மனிதரைப் பற்றியவை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டுமா?

இந்த மண்ணில் அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆனால் மற்றக் கதவுகள் திறந்தே இருக்கின்றன. பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொல்லலாம். மனநலக் கழகத்துக்குப் போகலாம். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மருந்து கேட்கலாம், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் நாடலாம். தாங்க முடியாத இரவில் 1767 என்ற எண்ணை அழைத்தால், சமாரியர் சங்கத்தில் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது காளான் காணொளியை மறைத்து மறைத்துப் பார்த்தால், கைத்தொலைபேசியைப் பிடுங்காதீர்கள். "உனக்கு என்னப்பா வலிக்கிறது?" என்று கேளுங்கள். அமர்வுகளுக்கெல்லாம் முந்திய அமர்வு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கட்டும்.