காப்பீட்டு அட்டை செல்லுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. இன்று தூத்துக்குடிக் கரையில் நம்மவரிற் பலர்க்குச் சங்குகுளியும் வலைத்தொழிலும் துறைமுகக் கூலியுமே ஜீவனம். நோய் வந்தாற் கூலி நிற்கும். வைத்தியச் செலவோ நிற்பதில்லை. ஆதலின் நம் மாதர் சர்க்கார் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நகையைப்போற் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றனர். வேண்டும்பொழுது அவ்வட்டை செல்லுமா?

2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2011இல் ஆட்சி மாறவே நிறுத்தப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியிலேதான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் இருதய நோய் கண்டவன் யாது செய்வான்? நோய் தேர்தலைக் கேட்டு வருவதன்று!

2018இல் இது மத்திய சர்க்காரின் திட்டத்தோடு இணைந்தது. மத்தியப் பட்டியலிலுள்ள குடும்பங்களுக்கு நூற்றுக்கு 60 பங்கு மத்திய சர்க்காரும் 40 பங்கு மாநிலமும் ஏற்கின்றன. மற்றையோர்க்கு மாநிலமே முழுதும் கொடுக்கின்றது. இப்பங்கீடு நாளை மாறினும் மாறலாம். புதியது கைக்கு வருமுன் பழையதை அறுத்துவிடலாகாதென்று சர்க்காரை நாம் கேட்டல் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குக் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் அட்டையையும் கொணர்க. இளைஞர் இருவர் மேசையருகே அமர்ந்து பார்வையிட்டு, பெயர் விடுபட்டோரை ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்கு அழைத்துச் செல்வர்.