கீழ்ப்பாக்கம் என்னும் சொல்



சென்னை மாநகரில் கீழ்ப்பாக்கம் என்றொரு பகுதி உண்டு. அகன்ற வீதிகளும் பழைய தோட்ட வீடுகளும் பள்ளிகளும் நிறைந்த நல்ல ஊர் அது. ஆயினும், நம் நாட்டில் ஒருவனைப் பார்த்து, "நீ கீழ்ப்பாக்கத்துக்குப் போக வேண்டியவன்" என்று சொன்னால் அவன் மகிழ்வதில்லை, சினம் கொள்கிறான். காரணம் உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு மருத்துவமனை இருக்கிறது. நாம் அதனைப் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே வழங்கி வந்தோம். கேலிக்குரிய சொல்லாகக் கீழ்ப்பாக்கத்தை அறிந்தவர் பலர். அந்த மருத்துவமனையின் வரலாற்றை அறிந்தவர் சிலர். நானும் நெடுநாள் அறியாதவனாகவே இருந்தேன். அறியாமையால் என்ன விளைந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் வரலாற்றைக் காண்போம்.

நோயாளிகளைப் பேணும் சாலைகள் தமிழகத்திற்குப் புதியவை அல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன என்று அது கூறுகிறது. மருத்துவருக்கும் பணிபுரிவோர்க்கும் உரிய ஊதியம், சேர்த்து வைத்த மருந்துகளின் பெயர் எல்லாம் அதில் உள்ளன. ஆயினும் சித்தம் கலங்கியவர்களைப் பெரும்பாலும் காத்தவை வீடும் கோயிலுமே. திருச்சிக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள குணசீலத்தில், அத்தகையோரை அழைத்து வந்து 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

மனநோயாளிகளுக்கென்றே தனி விடுதி கட்டும் முறை, கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் இங்கு வந்தது. 1745இல் பம்பாயிலும், 1787இல் கல்கத்தாவிலும் அத்தகைய விடுதிகள் தோன்றின. சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலண்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் 16 பேர் தங்கும் ஒரு வீட்டைத் தொடங்கினார். பின்னர் டால்டன் என்பவர் அதனை ஏற்று, 54 பேர் தங்கும்படி விரிவாக்கினார். மக்கள் அதனை 'டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். இடம் போதாமற்போகவே, லோகாக்ஸ் கார்டன்ஸ் என்ற தோட்டத்தில் 66½ ஏக்கர் நிலம் பெற்று, அரசினர் புதிய கட்டடங்களை எழுப்பினர். 1871இல் அது 145 நோயாளிகளுடன் திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை.

பெயர் மாற்றங்களையும் கவனியுங்கள். முதலில் 'லூனடிக் அசைலம்', அதாவது பித்தர் விடுதி. 1922இல் அரசினர் மனநோய் மருத்துவமனை. பின்னர் மனநலக் காப்பகம். பித்தன் என்ற சொல் நோயாளி ஆயிற்று. நோய் என்ற சொல் நலம் ஆயிற்று. ஒவ்வொரு பெயர் மாற்றத்தின் பின்னும் மனிதரை நோக்கும் பார்வையில் ஒரு மாற்றம் இருக்கிறது.

ஆனால் பெயர் மாறிய வேகத்தில் வழக்கம் மாறவில்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டமும் 1912ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியைக் குற்றவாளியை ஒப்பவே நடத்தின. நோயாளி உள்ளே செல்ல நீதிபதியின் ஆணை வேண்டும். அழைத்து வருபவர் பல சமயங்களில் காவலர். சுற்றிலும் உயர்ந்த மதில். நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பதே முதல் நோக்கமாக இருந்தது. நோயாளியைக் காப்பது அடுத்ததாகவே வந்தது. விடுதலைக்குச் சற்று முன், 1946இல் அறிக்கை அளித்த போர் குழுவினர்க்காக, மூர் டெய்லர் என்னும் மருத்துவர் இந்தியாவின் மனநோய் மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். பரந்த இந்நாடு முழுவதற்கும் இருந்தவை 19 மருத்துவமனைகள்; ஏறத்தாழ 10,000 படுக்கைகள். அவற்றுள்ளும் பல, குணப்படுத்தும் இடங்களாக அன்றி அடைத்து வைக்கும் இடங்களாகவே இருந்தன என்பது அவர் கண்ட உண்மை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. இலண்டனில் 1247இல் தோன்றிய பெத்லெம் விடுதிக்குள் நோயாளிகளை வேடிக்கை பார்க்க மக்கள் திரண்டு சென்ற காலம் ஒன்று உண்டு. பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் விடுதியில் நோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர் பினெல் என்ற மருத்துவர் எனப் பல நூல்கள் கூறும். உண்மையில் 1797இல் அங்கே அதனைச் செய்தவர் புஸ்ஸேன் என்னும் கண்காணிப்பாளர். மருத்துவப் பட்டம் பெறாதவர். தாமே முன்பு அவ்விடுதியில் வேறொரு நோய்க்காகத் தங்கியவர். பினெல் அவரிடம் கற்றுக்கொண்டு அதே சீர்திருத்தத்தை வேறோர் விடுதியில் நடத்தினார். நோயாளியோடு நாள்தோறும் பழகியவனுக்கே அவனும் மனிதன் என்பது முதலில் விளங்கிற்று.

அடுத்த பெரிய மாற்றம் மருந்தினால் வந்தது. 1931இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காள மருத்துவர் இருவர், சர்ப்பகந்தி என்னும் மூலிகை வேர் இரத்தக் கொதிப்பையும் சித்தக் கலக்கத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். 1952இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயனைக் கண்டனர். இல்லாத குரலைக் கேட்பவர்களும், உறக்கமின்றி அலைபவர்களும் இம்மருந்தால் அமைதியுற்றனர். ஆயுள் முழுவதும் மதிலுக்குள் இருக்க வேண்டியவர்கள் எனக் கருதப்பட்டோர் பலர் வீடு திரும்பினர்.

வீடு திரும்புவதற்கு வீட்டார் வேண்டுமல்லவா? அதனை உணர்ந்தவர் அமிர்தசரஸ் மருத்துவர் வித்யா சாகர். 1950களில் அவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு உறவினரையும் தங்கச் செய்தார். நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் இம்முறையைக் கைக்கொண்டது. கீழ்ப்பாக்கத்தில் 1959இல் பணியேற்ற மருத்துவர் சாரதா மேனன், அதன் முதல் பெண் கண்காணிப்பாளராக விளங்கி, நோயாளிகளுக்குத் தொழிற் பயிற்சியும் மறுவாழ்வும் கிடைக்க உழைத்தார். ஓய்வுபெற்ற பின்னும் ஓயாமல், 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவுவதில் பங்கு கொண்டார். 2021இல் அவர் மறைந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஊரில் நான் ஆசிரியனாக இருந்த காலம். மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த மலையாளி இனத்துச் சிறுவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் இருந்தான். அவன் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கணக்கில் வல்லவன். நான் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவான். திடீரென்று அவன் போக்கு மாறியது. உறக்கம் இழந்தான், தனியே பேசினான். ஒருநாள் வகுப்பின் நடுவே எழுந்து, எங்கள் எவர் காதுக்கும் கேளாத ஒரு குரலுக்கு மறுமொழி கூறினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை.

1991ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்புக்காக மலையேறினேன். கடுக்காய் மரங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில், ஒரு வீட்டின் பின்புறம் அவனைக் கண்டேன். காலில் சங்கிலி, மறுமுனை ஒரு பலா மரத்தில். அவன் தாய் சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சினம் மூண்டது. தந்தையைக் கடிந்துகொண்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "வாத்தியாரய்யா, ரெண்டு தடவை காட்டுல மூணு நாள் தேடினோம். பள்ளத்துல விழுந்து கிடந்தான். கட்டாம விட்டா செத்துப்போவான். எங்கே கொண்டு போகணும்னு நீங்க சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த விடை ஒன்றே: கீழ்ப்பாக்கம். அதைச் சொன்னேன். "அங்கே போனவன் திரும்ப மாட்டான்னு சொல்றாங்களே" என்றார். 250 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அவ்விடத்தில் என்ன நடக்கிறது, யார் போகலாம், மருந்து என்ன, போனவர் திரும்புவாரா, ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. அச்சொல்லைக் கேலியாகப் பயன்படுத்தத் தெரிந்த எனக்கு, உதவியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன். தேர்வு வேலை, திருத்தும் வேலை என்று நாட்கள் ஓடின. நான் விசாரிக்கவில்லை.

அவனுக்கு வழி காட்டியவர் கிராமச் செவிலியர் ஒருவர். ஈராண்டு கழித்து அவர் முயற்சியால் அவன் மருத்துவரிடம் சென்றான். மருந்து பலித்தது, சங்கிலி கழன்றது. இன்று அவர் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு, மருந்தைத் தவறாது உட்கொண்டு வாழ்கிறார். என்னைக் கண்டால் "சார்" என்று எழுந்து நிற்கிறார். ஆனால் படிப்பு போனது போனதுதான். சங்கிலியில் கழிந்த ஆண்டுகளில் ஒரு பகுதி என் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

அந்தச் சங்கிலியின் கொடுமையை நாடு முழுவதும் உணர்ந்த நாள் 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் விடியுமுன் தீப்பற்றியது. கட்டுண்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அரசு அத்தகைய விடுதிகளை மூடியது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை ஏற்றது. இன்று நடப்பிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று தடை செய்கிறது. சிகிச்சை பெறுவதும், சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதும் அவருடைய உரிமைகள் என்கிறது. சங்கிலி இல்லாமல் என்ன செய்வது என்று கேட்ட அந்தத் தந்தைக்கு, தடை மட்டும் விடையாகாது. அருகில் மருத்துவமும் வேண்டும். 1982இல் தேசிய மனநலத் திட்டம் தோன்றியதும், பின்னர் அது மாவட்டங்களுக்கு விரிந்ததும் அதற்காகவே. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. வெள்ளிமலையிலிருந்து வருபவர் இன்று சென்னைவரை செல்ல வேண்டியதில்லை.

மாணவர்களே, உங்களுக்கு மூன்று செய்திகள் சொல்லி முடிக்கிறேன். ஒன்று: மனநோய் பாவமும் அன்று, பேயும் அன்று, பலவீனமும் அன்று, மருத்துவம் உள்ள நோய். இரண்டு: உங்கள் நண்பர் உறக்கமின்றித் தவித்தாலோ, தனிமையை நாடினாலோ, வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினாலோ, சிரிக்காதீர்கள், அருகில் அமர்ந்து கேளுங்கள், நம்பத்தக்க பெரியவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கே அந்நிலை நேரினும் அவ்வாறே செய்யுங்கள். 14416 என்ற எண்ணில், எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அந்த எண்ணை இப்பொழுதே உங்கள் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று: "கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லை இனி நீங்கள் கேட்டால், 16 பேருடன் தொடங்கி, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக எண்ணற்றோரைத் தாங்கிய ஒரு மருத்துவமனையை நினையுங்கள். யாராவது அதனைக் கேலியாகச் சொன்னால், நான் அன்று வகுப்பில் சொன்னதையும், அதன்பின் மலையில் கண்டதையும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.