பர்மா கற்றுக்கொடுத்த அவநம்பிக்கை

(ஆரப்பாளையத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



விருதுநகர் போனால் 'பர்மா கடை' பரோட்டா. சென்னைக் கடற்கரைப் பக்கம் போனால் பர்மா பஜார். பர்மா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இந்தத் தீனியும் ஃபாரின் சாமானும்தான். அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு யுத்தம் இருக்கு, 'சோசலிசம்' என்று சொல்லிக்கொண்ட ஒரு ராணுவ ஆட்சி இருக்கு. அந்த ரெண்டும் சேர்ந்து ஒரு ஜனத்தோட மனசை எப்படி வார்த்தெடுத்தது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

"பர்மாக்காரன் யாரையும் நம்ப மாட்டான், காசைத் தங்கமா மாத்தி முடிஞ்சு வெச்சுக்குவான்" என்று சொல்லுவார்கள். ஏதோ பிறவிக் குணம் மாதிரி. பிறவிக் குணம் என்பது யாருடைய பேச்சு? நம்மைப் பார்த்தும் அதைத்தானே சொன்னான்! குணம் ரத்தத்தில் வருவதில்லை, தோழர்களே. பட்டதில் வருகிறது.

என்ன பட்டார்கள்? மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து கப்பலேறிய கூலிகளில் சேரி ஜனங்கள் கணிசம். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனான், கூலியில் கமிஷன் பிடித்தான். இன்னொரு பக்கம் வட்டி மூலதனம். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கோபம் நியாயமானது. ஆனால் 1930, 1938 கலவரங்களில் அடி விழுந்தது யார் முதுகில்? வட்டிக் கணக்கே தெரியாத கூலிக்காரன் முதுகிலும்தான்.

1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தவன் தப்பினான். லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே செத்தார்கள். அந்த ஓட்டத்திலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை. 'வெள்ளைப் பாதை', 'கறுப்புப் பாதை' என்றே ஜனங்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். நமக்கு இது புதுசா? ஊர்ப்பாதை, சேரிப்பாதை பார்த்தவர்கள்தானே நாம்.

யுத்தம் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். மறுபடி வேர் பிடித்தது. 1962 மார்ச் 2இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 'சோசலிசத்துக்கான பர்மியப் பாதை' என்றார்கள். 1963இல் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது, 1964இல் கடைகளை எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சிறுவாடு சேர்த்தவன் கதை ஒரு ராத்திரியில் முடிஞ்சு போச்சு. கப்பலேறி வந்தவர்களுக்குப் பணம், நகை கொண்டுவரவும் கடும் கட்டுப்பாடு. கெடுபிடி அத்தோடு நிற்கவில்லை. 1985இலும் 1987இலும் திரும்ப நோட்டை ஒழித்தார்கள். 1987இல் நஷ்ட ஈடே கிடையாது. உழைப்பாளி பேரால் நடந்த ஆட்சி உழைப்பாளியின் மடியைத்தான் அவிழ்த்தது.

போலந்தும் இந்தப் பாடத்தைப் படித்த நாடு. இரண்டாம் உலக யுத்தத்தில் சுமார் 60 லட்சம் பேரைப் பறிகொடுத்தது. அதில் பாதிப் பேர் யூதர்கள். பின்னால் வந்த கம்யூனிஸ்ட் அரசு 1950 அக்டோபரில் நோட்டை மாற்றியது. சம்பளத்துக்கும் விலைக்கும் பழைய 100க்குப் புது 3 என்ற கணக்கு, கையிலிருந்த ரொக்கத்துக்கு மட்டும் 100க்கு 1. அதாவது ரொக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு காணோம்! அங்கேயும் ஜனங்கள் டாலரையும் தங்கத்தையும் பதுக்கினார்கள். அரசை 'அவர்கள்' என்றும் தங்களை 'நாம்' என்றும் பேசினார்கள்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது, வரிசையில் ரங்கூனில் பிறந்த ஒரு பெரியவர் வந்தார். மாற்ற வேண்டியது ஒரே ஒரு 500 ரூபாய் நோட்டு. "பெரிய நோட்டை நான் வீட்ல தங்க விடறதில்ல தம்பி. நமக்கு இது ரெண்டாவது தடவை" என்றார். படிப்பில்லாதவர். அரசைப் பற்றிய அவர் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் அவநம்பிக்கை பாதிப் பாடம்தான். அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

1960களில் ஒன்றரை லட்சத்தை ஒட்டிய பேர் தமிழ்நாட்டில் வந்து இறங்கினார்கள். செட்டிநாட்டில் வீடு இருந்தவருக்கு வீடு. சொந்த ஊரில் காணி இருந்தவருக்குக் காணி. சேரியிலிருந்து போனவருக்கு? ஊர் திரும்புவது என்றால் பழைய பண்ணை வாசலுக்கே திரும்புவது. வேண்டாம் என்று பட்டணத்துப் பிளாட்பாரத்தில் தங்கியவர்கள் உண்டு. அதைப் பிழைப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். குனிய மறுத்தது அது. எந்தச் சுங்கக்காரனும் பிடுங்க முடியாமல் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான்.

அந்த மறுப்பு தனித்தனி வீட்டுக்குள் போய் முடங்கினால் என்ன ஆகும்? ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு நகைமுடிச்சு, பக்கத்து வீட்டுக்காரன்மேலும் சந்தேகம். போலந்துத் தொழிலாளி 1980இல் அதே அவநம்பிக்கையை வெளியே கொண்டுவந்தான். 'சாலிடாரிட்டி' என்று சங்கம் கட்டினான். சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டு நசுக்கினார்கள். எட்டே வருஷத்தில் அந்த ஆட்சியே தேர்தலில் தோற்றது. பர்மாவிலும் 1988 ஆகஸ்ட் 8இல் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ரத்தத்தில் முக்கினார்கள். இன்றுவரை அந்தச் சண்டை முடியவில்லை.

அரசை நம்பாதே என்று நம் தாத்தாக்கள் நடந்தே கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை லாக்கரில் வைத்துப் பூட்டினால் அது பயம். பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து கேள்வியாகக் கேட்டால் அது அரசியல். தங்கத்தை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் பேச வேண்டியதையும் சேர்த்து முடிந்து வைத்துவிடாதீர்கள் என்கிறேன்.