பேரை எழுதாத விலக்கு
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் ஹிஸ்பானிக் என்று சொல்லப்படும் ஸ்பானிய மொழிவழி மக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிகள்.

1935-ல் ரூஸ்வெல்ட் அரசு சங்கம் வைக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. விவசாயக் கூலிக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் அதில் இடமில்லை. 'மெக்சிகனுக்குக் கிடையாது, கறுப்பனுக்குக் கிடையாது' என்று எங்கேயாவது எழுதினானா? இல்ல. தொழிலின் பேரைத்தான் எழுதினான். அந்தத் தொழிலில் கூட்டங்கூட்டமாக யார் இருந்தா? அவங்கதான். 1938-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் விவசாயக் கூலியை வெளியேதான் நிறுத்தியது.

1965-ல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டக் கூலிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலில் பிலிப்பைன்ஸ்காரர்கள், எட்டே நாளில் டொலோரஸ் உவெர்ட்டா, சீசர் சாவெஸ் கட்டிய சங்கத்தின் மெக்சிகர்கள். ஐந்து வருஷம் தாக்குப்பிடித்து 1970-ல் ஒப்பந்தம் வாங்கினார்கள். 1975-ல் அந்த மாநிலம் தனிச் சட்டம் போட்டது. மத்தியச் சட்டத்தில் 1935-ன் விலக்கு இன்னும் அப்படியே கிடக்கு.

கூலிவேலையை விட்டு, சொந்தமா ஒரு தள்ளுவண்டி வெச்சா தப்பிச்சிடலாமா? 2020 கொரோனாவில் சிறுதொழிலுக்கென்று 34,900 கோடி டாலர் ஒதுக்கி, வங்கி வழியாகக் கொடுத்தார்கள். ஆள் வைக்காமல் தானே உழைக்கிறவர் ஒரு வாரம் கழித்துத்தான் மனுப் போட முடிந்தது. பதின்மூன்று நாளில் பணம் காலி! இங்கேயும் இனத்தின் பேர் எழுதவில்லை. வங்கியில் ஏற்கெனவே பழக்கம் உள்ளவன் முந்திக்கொண்டான்.

பேரைச் சொல்லாமல் ஒதுக்குகிற வித்தை உங்களுக்குப் புதுசில்ல. ஒரு சட்டத்தைப் படிக்கும்போது யாருக்கு என்று மட்டும் பார்க்காதீங்க. எந்தத் தொழிலை விட்டிருக்கான் என்று பாருங்க. விட்ட இடத்தில்தான் நம்ம மாதிரி ஜனங்க நிக்கிறாங்க.