மரத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டாம்

(மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் மகளிருக்காக நடந்த நலக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் கைக்கு ஓய்வு கொடுத்தால் கூலி குறையும். அதனால்தான் கைவலியை யாரும் வெளியே சொல்வதில்லை. தைலம் தேய்த்துவிட்டு மறுநாளும் தட்டை மடியில் வைத்துக்கொள்கிறோம். வேலையை விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எந்த வலியை வீட்டுப் பயிற்சியால் சரிசெய்யலாம், எதற்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லவே வந்தேன்.

இலையை வெட்டி, தூள் வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்ட வேண்டும். ஒரு பீடிக்கு நான்கு வேலை என்றால் ஆயிரத்துக்கு நாலாயிரம். பிறகு அதே கைதான் துணி பிழிகிறது, மாவு பிசைகிறது, பிள்ளையைத் தூக்குகிறது.

இதனால் வரும் வலிகளில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, முழங்கையின் வெளிப்பக்க வலி. துணி பிழியும்போதும், குடத்தைத் தூக்கும்போதும் சுரீரென்று இழுக்கும். இதை 'டென்னிஸ் எல்போ' என்பார்கள். டென்னிஸ் ஆடாதவர்களுக்கே அதிகம் வருகிறது. மணிக்கட்டைத் தூக்கும் தசைநாண் நைந்துபோவதே காரணம். அதைத் தேய்த்துத் தேற்ற முடியாது. மெதுவாகப் பழக்கித்தான் தேற்ற வேண்டும். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மற்றக் கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் நான்கு எண்ணும் வரை மெல்ல இறக்குங்கள். பத்து முறை; அப்படி மூன்று சுற்று. லேசான வலி இருக்கலாம். மறுநாள் வலி கூடினால் பாட்டிலில் தண்ணீரைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

"ஒரு ஊசி போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் 198 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களே நன்றாக இருந்தார்கள். ஆனால் அப்படித் தேறியவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு வலி திரும்பியது. பிசியோதெரபி செய்தவர்கள் நீண்ட நாளில் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இரண்டாவது, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் வரும் வலி. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் இது வரும். பிள்ளையைத் தூக்கும்போது கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுக்காமல், உள்ளங்கையைப் பிள்ளைக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். சில வாரம் கட்டைவிரலுக்குப் பட்டை போட்டால் பலருக்குக் குறையும்.

மூன்றாவதுதான் அலட்சியம் செய்யவே கூடாதது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் இரவில் எழுப்பிவிடும். கையை உதறினால் சரியாகும். மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. நெரிசலில் நசுங்குவது நரம்புதான். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது எளிதில் வரும். தொடக்கத்திலேயே வந்தால், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ஆறு வாரம் இரவில் கட்டினாலே பலருக்குக் குறைகிறது. பகலிலும் மரத்தே இருந்தால், பொத்தான் போட முடியாவிட்டால், கட்டைவிரல் அடியில் உள்ள சதை வற்றினால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அப்போது சிறிய அறுவைசிகிச்சை தேவைப்படலாம். காலம் கடந்தால் போன பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

வேலையிலும் சில மாற்றங்கள் செய்யுங்கள். கத்தரியைச் சாணை பிடித்து வையுங்கள். மொட்டைக் கத்தரிக்கு விரல் இருமடங்கு உழைக்கும். இலை நன்றாக நனைந்த பிறகு வெட்டுங்கள். எல்லா இலையையும் ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு தடவையாக வெட்டுங்கள். அரைமணிக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்குங்கள். இரண்டு நிமிடம் போதும்.

பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டலாம். நடமாட முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

வீட்டில் உள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் கை வலிக்கும்போது துணி பிழிவதையும் குடம் தூக்குவதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் சிகிச்சைதான்.